சாட்சி எவருக்கும் பகையாளர் அல்லர்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் நீதிமன்றத்திற்குச் சாட்சியாக அழைக்கப்படும் பொதுமக்களுக்கு,



அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையில் நடந்த அடிதடியைக் கண்ட தேநீர்க்கடைக்காரர், பக்கத்து வீட்டுத் திருட்டு வழக்கின் மகஜரில் கையெழுத்திட்ட ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை ஓய்வூதியர், பூவிருந்தவல்லி பேருந்து நிலையத்தில் ஒருவரின் சங்கிலி பறிபோனதைப் பார்த்த கல்லூரி மாணவி என எவர் கைக்கும் என்றைக்காவது ஒரு சம்மன் வந்து சேரலாம். காவல்துறையினர் ஓரிடத்தைப் பார்வையிட்டதையோ ஒரு பொருளைக் கைப்பற்றியதையோ ஊரார் முன்னிலையில் எழுதிவைக்கும் பதிவே மகஜர் எனப்படுகிறது. இவ்வாறு அழைக்கப்படுவோர் நீதிமன்ற வளாகத்தில் அடிக்கடி கேட்க நேரும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'ஹாஸ்டைல்' என்பதாகும். அதைத் திட்டாகவும் தண்டனையாகவும் எண்ணி அஞ்சுவோர் உண்டு; அந்தச் சொல் தம்மீது விழுந்த பின் தாம் சொன்னதெல்லாம் வீண் என்று கருதி ஒதுங்கிவிடுவோரும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் தவறானவை என்பதையும், அச்சொல்லின் பொருளை அறிந்து கூண்டில் ஏறுபவர் தம் கடமையை எளிதாகச் செய்ய முடியும் என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

ஆங்கிலத்தில் நட்பின்மையைக் குறிக்கும் பெயரடைகள் பல இருப்பினும் அவை ஒரே தரத்தன அல்ல. முகங்கொடுத்துப் பேசாதவர், விலகி நிற்பவர், உதவ மனமில்லாதவர் ஆகியோரைக் குறிக்க மென்மையான சொற்கள் உள்ளன. அவை நட்பு இல்லாமையை மட்டுமே சுட்டுகின்றன. 'ஹாஸ்டைல்' என்பது அவற்றைக் கடந்து, எதிர்த்துச் செயல்படும் மனநிலையைச் சுட்டுவதாகும். அதன் வேர் 'ஹாஸ்டிஸ்' என்ற இலத்தீன் சொல். அது செவ்விய இலத்தீனில் பகைவரைக் குறித்தபோதிலும், அதற்கு முந்தைய வழக்கில் அயலானைக் குறித்தது என்பதை ரோமானிய எழுத்தாளர்களே பதிவு செய்துள்ளனர். இச்சொல்லின் பெயர் வடிவம் பன்மையில் வரும்போது போர் நடவடிக்கைகளைக் குறிக்கிறது. மனிதர் வாழ ஒவ்வாத நிலப்பரப்பையும் தட்பவெப்பத்தையும்கூட ஆங்கிலேயர் இச்சொல்லால் குறிப்பதுண்டு. பாலைநிலத்திற்கு எவர்மீதும் கோபம் இல்லையாதலால், பகைக்கும் எண்ணம் இல்லாத இடத்திலும் இச்சொல் செல்லும் என்பது இதனால் விளங்கும்.

சட்டத் துறையிலும் வணிகத் துறையிலும் இச்சொல் ஏற்கும் பொருள்கள் இந்த வேறுபாட்டை மேலும் தெளிவாக்குகின்றன. ஒரு நிறுவனத்தை நடத்துவோர் இசையாத நிலையிலும் அதன் பங்குகளைப் பிறரிடமிருந்து வாங்கி அதைக் கைக்கொள்வதை வணிக உலகம் இப்பெயரடையால் குறிக்கிறது. 2019இல் மைண்ட்ட்ரீ நிறுவனத்தை அதன் நிறுவனர்கள் எதிர்த்த நிலையிலும் லார்சன் அண்டு டூப்ரோ கைக்கொண்டது இந்தியாவில் இவ்வகைக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அங்கு இச்சொல்லின் பொருள் இசைவின்மை மட்டுமே. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பெண்ணுக்கு அச்சமூட்டும், இழிவுபடுத்தும், பகைமை நிறைந்த பணிச்சூழலை உருவாக்குவதைத் தன் மூன்றாம் பிரிவில் குறிப்பிடும்போதும் இச்சொல்லையே ஆள்கிறது. அங்கு அது ஒரு தனிமனிதரின் குணத்தை விட்டு ஒரு சூழலின் தன்மையைக் குறிக்கிறது. ஆகவே சாட்சி ஒருவர்மீது இச்சொல் சார்த்தப்படும்போதும், அது எந்தப் பொருளில் சார்த்தப்படுகிறது என்று கேட்பது தேவையாகிறது.

அதற்கு விசாரணையின் படிநிலைகளை அறிந்திருத்தல் வேண்டும். சாட்சியை அழைத்த தரப்பு முதலில் கேட்கும் கேள்விகள் முதல் விசாரணை எனப்படும். குற்ற வழக்குகளில் இது பெரும்பாலும் அரசு வழக்கறிஞரின் பணி. விடையைத் தன்னுள்ளேயே கொண்ட கேள்விகள், அதாவது 'அன்று இரவு கத்தியுடன் ஓடியவர் இவர்தாமே' என்பது போன்ற வழிநடத்தும் கேள்விகள், எதிர்த்தரப்பு மறுக்குமானால் நீதிமன்றத்தின் இசைவின்றி இந்த முதல் விசாரணையில் கேட்கப்படுவதில்லை. எதிர்த்தரப்பு செய்யும் குறுக்கு விசாரணையில் அத்தகைய கேள்விகளும், சாட்சியின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் கேள்விகளும் இடம்பெறலாம். தான் அழைத்த சாட்சி, முன்பு கூறியதாகப் பதிவாகியுள்ளதற்கு மாறாகப் பேசும்போது, அவரிடம் குறுக்கு விசாரணைக்குரிய கேள்விகளைக் கேட்க அரசு வழக்கறிஞர் நீதிபதியிடம் அனுமதி கோருகிறார். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 157ஆம் பிரிவும் இந்த அனுமதியை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டுள்ளன. நீதிமன்ற வழக்கில் 'ஹாஸ்டைல்' என்று அறிவிப்பது எனப்படுவது, நடைமுறையில் இந்த அனுமதியை வழங்குவதற்கு மேல் வேறொன்றும் இல்லை.

மேற்சொன்ன இரு சட்டப் பிரிவுகளிலும் 'ஹாஸ்டைல்' என்ற சொல்லே இல்லை என்பது இங்குக் கவனிக்கத் தக்கது. இங்கிலாந்தின் 1865ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், தன் சாட்சி தனக்கு எதிரானவர் என்று நீதிபதி கருதினால் மட்டுமே அழைத்த தரப்பு அவருடைய முந்தைய கூற்றைக் காட்டி மறுக்கலாம் என்று வரையறுத்தது. எதிரானவர் என்பதற்கும் பகைமனம் கொண்டவர் என்பதற்கும் எல்லை எது என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலம் வாதிட்டுக் கொண்டிருந்தன. இந்தியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், சாட்சியின் மனத்தில் பகை உண்டா இல்லையா என்ற ஆய்வுக்கே இடம் வைக்காமல், உண்மையை வெளிக்கொணர இத்தகைய கேள்விகள் தேவையா என்பதை மட்டும் நீதிபதி பார்த்தால் போதும் என்ற வகையில் பிரிவை அமைத்தார். சத்பால் எதிர் தில்லி நிர்வாகம் என்ற வழக்கில், 1976ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் வெளியான தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்து, இங்கிலாந்தில் குழப்பம் விளைத்த அச்சொற்களை இந்தியச் சட்டம் தவிர்த்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. சட்டம் விலக்கிய சொல் வழக்கறிஞர்களின் வாய்வழக்கிலும் செய்தித் தலைப்புகளிலும் தங்கிவிட்டது.

தமிழ்ச் சட்ட வழக்கு இதற்குப் 'பிறழ் சாட்சி' என்ற தொடரை ஆள்கிறது; நாளேடுகள் 'சாட்சி பல்டி' என்று எழுதுகின்றன. முன்னது நெறியிலிருந்து விலகியதைச் சொல்ல, பின்னது ஏளனத்தைச் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் சாட்சியின் இடம் எது என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்திலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரைத் தம் அடிமை என்று முதியவர் ஒருவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்குரைக்கும் பகுதி வருகிறது. அந்த அவை, வழிவழி வந்த நடைமுறை, எழுத்து ஆவணம், அயலார் நேரில் கண்டது ஆகிய மூன்றுள் ஒன்றால் வழக்கை மெய்ப்பிக்குமாறு முதியவரைக் கேட்கிறது. வழக்காடும் இருவருக்கும் உறவோ பகையோ இல்லாத மூன்றாமவராகவே சாட்சி அங்கு வைக்கப்படுகிறார். இலத்தீன் வேர்ச்சொல்லின் பழம்பொருளும் அயலான் என்பதேயாதலால், சாட்சிக்கு உரிய அயன்மையைப் பகையாக மாற்றிப் படிக்கும்போதுதான் இன்றைய குழப்பம் பிறக்கிறது எனலாம். அரசு அழைத்ததால் சாட்சி அரசின் ஆள் ஆவதில்லை; மாற்றிச் சொன்னதால் அவர் அரசின் பகைவர் ஆவதும் இல்லை.

'ஹாஸ்டைல்' என்று அறிவிக்கப்பட்டவரின் சாட்சியம் முழுவதும் அழிந்துவிடும் என்ற எண்ணத்தை உச்ச நீதிமன்றம் பலமுறை மறுத்துள்ளது. பகவான் சிங் எதிர் ஹரியானா மாநிலம் என்ற வழக்கிலும், 1991இல் தீர்ப்பான குஜ்ஜி எதிர் மத்தியப் பிரதேச மாநிலம் என்ற வழக்கிலும், அத்தகைய சாட்சியத்தில் நம்பத் தக்க பகுதியைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு நீதிமன்றம் ஏற்கலாம் என்று விளக்கப்பட்டது. 2006இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அனுமதி பெற்றுக் கேள்வி கேட்ட தரப்பும் அச்சாட்சியத்தின் எந்தப் பகுதியையும் சார்ந்து வாதிடலாம் என்று 154ஆம் பிரிவிலேயே எழுதிச் சேர்த்தது. ஆகவே, நடந்த நேரத்தையும் இடத்தையும் சரியாகச் சொல்லி, ஆளை அடையாளம் காட்டுவதில் மட்டும் தயங்கிய ஒருவரின் சொற்களில் முற்பகுதி வழக்கில் உயிரோடு இருக்கும்.

சாட்சி பிறழ்ந்தார் என்று சொல்லும்போது, எதிலிருந்து பிறழ்ந்தார் என்பதையும் கேட்க வேண்டும். காவல் அலுவலர் விசாரணையின்போது எழுதிக்கொள்ளும் வாக்குமூலம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161ஆம் பிரிவின்கீழும் இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180ஆம் பிரிவின்கீழும் வருகிறது. அதில் சாட்சி கையெழுத்திட வேண்டியதில்லை. அது உறுதிமொழியின் பேரில் பெறப்படுவதும் இல்லை. சாட்சி கூண்டில் மாறுபட்டுப் பேசும்போது அவரோடு முரண்படுத்திக் காட்டுவதற்கே அது பெரிதும் பயன்படும். குற்றவியல் நடுவர் முன் உறுதிமொழியுடன் அளிக்கப்படும் வாக்குமூலம், முன்னர் 164ஆம் பிரிவிலும் இப்போது 183ஆம் பிரிவிலும் அமைந்தது, இதனினும் கனமானது. பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரணம் ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்களில் காவல்துறை அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று புதிய சட்டம் கூறுகிறது. தாம் சொன்னதாக எழுதப்பட்டதை ஒருமுறையும் படித்துப் பாராத ஒருவர் கூண்டில் நின்று தாம் கண்டதை மட்டும் சொன்னால், தாளிலிருந்து அவர் விலகியிருக்கலாமே ஒழிய உண்மையிலிருந்து விலகியவர் ஆகார். தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. அவர்கள் ஒரு மொழியில் சொன்னது இன்னொரு மொழியில் எழுதப்பட்டு மூன்றாவதாக ஒருவரால் வாசிக்கப்படும்போது, சிறு பிழையும் பிறழ்வாகத் தோற்றமளிக்கும்.

எனினும் எல்லாப் பிறழ்வும் இவ்வகையினது என்று சொல்வது நேர்மையாகாது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்தில் 2004 செப்டம்பரில் அதன் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்ற ஆணையால் புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, 2013 நவம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டு முடிந்தது; விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகளாயினர் என்று ஏடுகள் பதிவு செய்தன. அத்தனை பேர் முன்பதிவுக்கு மாறாகப் பேசும் வழக்கில், முதற்பதிவு பழுதா, பின்வந்த மாற்றம் பழுதா என்று வெளியில் இருப்பவர் எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாத நிலை உண்டாகிறது. அந்த ஐயத்தின் பயன் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சேர்கிறது.

பிறழ்வுக்குக் காலமும் ஒரு காரணம். வினோத் குமார் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் ஒரு சாட்சி 1999 செப்டம்பரில் முதல் விசாரணையில் வழக்கை ஆதரித்துப் பேசினார். குறுக்கு விசாரணை 2001 மே மாதத்திற்குத் தள்ளிப்போக, ஏறத்தாழ 20 மாதங்களுக்குப் பின் கூண்டேறியபோது அவர் முற்றும் மாறிப் பேசினார். 2015இல் இத்தகைய ஒத்திவைப்புகளைக் கடுமையாகக் கண்டித்த உச்ச நீதிமன்றம், இயன்றவரை குறுக்கு விசாரணை அதே நாளில் நடைபெற வேண்டும் என்று வலியுறுத்தியது. வாய்தா மேல் வாய்தாவாக நாள்கூலியை இழக்கும் ஒருவரை அணுகி விலை பேசுவதும் மிரட்டுவதும் அந்த இடைவெளியில்தான் எளிதாகின்றன.

பிறழ்வதன் விளைவுகளையும் மறைக்காமல் சொல்வது முறையாகும். 2015 ஜூனில் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கில் முதன்மையாகக் கருதப்பட்ட சாட்சி கீழமை நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். ஆயினும் கோயில் கண்காணிப்புக் காமிரா உள்ளிட்ட சான்றுகளின் பேரில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அச்சாட்சியை மீண்டும் அழைத்து அந்தக் காட்சிகளைக் காட்டிக் கேட்டது. காட்சியில் இருப்பவர் தாம் அல்லர் என்று அவர் கூறியதை அடுத்து நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையைத் தானாகவே தொடங்கியது. குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில், மாறி மாறிப் பேசிய முதன்மைச் சாட்சிக்கு உச்ச நீதிமன்றம் 2006 மார்ச்சில் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 'ஹாஸ்டைல்' என்று அறிவிக்கப்படுவது தன்னளவில் தண்டனை அன்று. ஆனால் அறிந்தே பொய் சொன்னார் என்று நீதிமன்றம் கருதினால் தனியான நடைமுறையின் வழியே பொய்ச்சாட்சியத்திற்கான வழக்குத் தொடரலாம், அதற்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. சாட்சியை மிரட்டிப் பொய் சொல்ல வைப்பவரும் தப்புவதில்லை; 2006இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 195அ பிரிவாகச் சேர்க்கப்பட்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 232ஆம் பிரிவாக உள்ள விதி, அத்தகையவருக்கும் ஏழாண்டு வரை சிறை விதிக்க வழி செய்கிறது.

சாட்சியைக் காப்பது என்ற எண்ணத்திற்கு இவ்வட்டாரத்தில் ஒரு முன்வரலாறும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கு பூவிருந்தவல்லியில் அமைந்த தடா சிறப்பு நீதிமன்றத்தில் மூடிய அறையில் நடைபெற்று, 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு மே மாதத்தில் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தடா எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்க 16ஆம் பிரிவில் இடமளித்தது. அதே சட்டம் காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றதால் கடும் கண்டனத்திற்கு உள்ளாகி 1995இல் காலாவதியானது. அன்று அரிய வழக்குகளுக்காக, கடுமையான சட்டம் ஒன்றின் துணையோடு வந்த பாதுகாப்பு, இன்று பொதுச் சட்டத்தின் வழியாகவே ஏனைய சாட்சிகளுக்கும் கிட்டுகிறது.

மகேந்தர் சாவ்லா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்து, உரிய சட்டம் இயற்றப்படும்வரை அதுவே சட்டம் என்று ஆணையிட்டது. மாநில அரசுகள் இத்தகைய திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவும் கூறுகிறது. 2018ஆம் ஆண்டுத் திட்டம் அச்சுறுத்தலை மூன்றாக வகுக்கிறது: சாட்சியின் அல்லது குடும்பத்தினரின் உயிருக்கு நேரும் ஆபத்து, அவர்களுடைய பாதுகாப்புக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ நேரும் ஆபத்து, அதனினும் குறைந்த தொல்லையும் மிரட்டலும். மாவட்ட முதன்மை நீதிபதியின் தலைமையில், மாவட்டக் காவல் தலைவரையும் அரசு வழக்குத் தொடர்வுத் துறைத் தலைவரையும் கொண்ட குழு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிறது. உட்கோட்டக் காவல் அதிகாரி ஐந்து வேலை நாட்களுக்குள் அச்சுறுத்தல் பற்றிய அறிக்கையை அளிக்க வேண்டும். அவசரம் எனில் இடைக்காலப் பாதுகாப்பும் ஆணையிடப்படலாம். தொலைபேசி எண்ணை மாற்றித் தருதல், வீட்டில் காமிரா பொருத்துதல், நீதிமன்றத்திற்குக் காவலுடன் அழைத்துச் செல்லுதல், குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் காணாதவாறு திரையிடுதல் முதலியன இதில் அடங்கும்.

இவற்றின் அடிப்படையில் இம்மடல் சாட்சியாக அழைக்கப்படுவோரிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறது. வாக்குமூலம் எழுதப்படும்போது அதை வாசித்துக் காட்டும்படியும், தமிழ் அறியாதவராயின் தம் மொழியில் விளக்கும்படியும் கேட்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டோரையும், 60 வயதைக் கடந்தோரையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்ற விதியை அறிந்திருத்தல் நல்லது. கைப்பற்றுதலை நேரில் காணாமல் மகஜரில் கையெழுத்திடக் கூடாது. பிற்காலப் பிறழ்வுகளுக்கு அத்தகைய கையெழுத்து வித்தாகிறது. மிரட்டல் வந்தால் கூண்டேறும் நாள்வரை காத்திராமல், அரசு வழக்கறிஞர் வாயிலாகவோ விசாரணை அலுவலர் வாயிலாகவோ நேராகவோ பாதுகாப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2022 முதல் செயல்படும் ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லையில் வசிப்போர் அதன் உயர் அலுவலர்களிடமும் முறையிடலாம். இலவச சட்ட அறிவுரைக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண் உள்ளது. நீதிமன்றம் வந்துபோகும் நியாயமான செலவைத் தருமாறு ஆணையிடப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 350ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிப்பதால், அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கூண்டில் ஏறியபின் நினைவில் உள்ளதை உள்ளவாறும், மறந்ததை மறந்துவிட்டது என்றும், முன்பு எழுதப்பட்டது தவறெனில் எந்த இடத்தில் தவறு என்றும் சொன்னால் போதும். அதன்பின் அரசு வழக்கறிஞர் குறுக்குக் கேள்விக்கு அனுமதி கேட்பாராயின், அது அவருடைய தொழில்முறைத் தேவை என்று கொண்டு அதே நிதானத்தோடு விடை சொல்லலாம். யார் குற்றவாளி என்று தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதிக்கு உரியது. எந்தத் தரப்பையும் வெல்லவோ காக்கவோ சாட்சி கடமைப்பட்டவர் அல்லர். தாம் கண்ட அளவே தம் கடமையின் அளவு என்பதை உணர்ந்து, அடுத்த சம்மன் வரும்போது அதைத் தவிர்க்க வழி தேடாமல் குறித்த நாளில் வந்து நிற்குமாறு இம்மடல் இவ்வட்டாரத்து மக்களைக் கேட்டுக்கொள்கிறது.